தப்பில்லாத குறிப்பு

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? குத்தாயிசியில் குளிர் விட்டதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

ஜெர்மன் மொழியின் இறந்தகால வினைகள் பல எந்த விதிக்கும் அடங்குவதில்லை என்று எழுதியிருந்தேனே. வெள்ளிக்கிழமைப் பரீட்சையில் தேறாவிட்டால் இந்த முதியோர் இல்லத்தில் என்னை நர்ஸாக எடுக்க மாட்டார்கள்; உதவியாளாகவே இருக்க வேண்டியதுதான்.

நேற்று, நான் கவனித்துவந்த லிண்ட்னர் அம்மாள் இறந்துபோனார். "கெட்டோ, முதல்ல சன்னலத் திற. அவங்க கிளம்பட்டும்" என்றாள் தலைமை நர்ஸ் சபீனே. உயிர் வெளியே போக வழிவிடுவது இங்கே வழக்கமாம்; திறந்தேன். பிறகு உட்கார்ந்து ஜெர்மனில் குறிப்பு எழுதினேன்: காலையில் தேநீர் குடித்தார், தூங்கினார், மூச்சு நின்றது. மாதக்கணக்காக என்னைப் படுத்திய வினைகள் எல்லாம் தாமாக வந்து உட்கார்ந்தன.

"அடிப்பாவி, ஒரு தப்புகூட இல்லையே! இனி பரீட்சைக்கு என்னடி பயம்?" என்று சபீனே முதுகில் தட்டினாள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும், நீ செய்யும் புளிப்பு பிளம் குழம்பு ஒரு புட்டியும் அனுப்பு. அப்பா போன அன்று உனக்கு உடனே அழுகை வந்ததா? அதை மட்டும் மறக்காமல் எழுது.

பேருந்து வந்துவிட்டது.

உன் கெட்டோ