முன்னறை போகும் பக்கம்

பிப்ரவரி 4, செவ்வாய்

ரயில், வெளியூர் பஸ், டவுன் பஸ் மூன்றுக்கும் ஒரே நிலையம் வரப்போகிறது. மக்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான் முடிவு என்றார் தலைமைப் பொறியாளர். முடிவு அவர் மேஜையில் ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் டீ கிளாஸை வைத்திருந்தார்.

வரைபடம் போடுவதும் கருத்துக் கேட்பதும் என் வேலை. பஸ்கள் வெளியே போகும் வழி தம்பி வீட்டுத் தெரு.

பிப்ரவரி 5, புதன்

தம்பி அந்தத் தெருவில்தான் இருக்கிறான், முன்னறையில் பல் கிளினிக் வைத்திருக்கிறான், அம்மாவும் அவனோடுதான், ஆகவே என்னை இந்த வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

“நல்லதாப் போச்சு. அக்கா சொன்னா தம்பி கேப்பார்” என்றார் தலைமைப் பொறியாளர்.

அவருக்குத் தம்பி கிடையாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

தம்பியிடம் சொன்னேன்.

“வேற தெருவே இல்லையா?”

“இருக்கு. அங்கேயும் ஆளுங்கதான் இருக்காங்க.”

சாயங்காலத்துக்குள் தெருப் பாதுகாப்புக் குழு உருவாகிவிட்டது. தலைவர் அவன்.

பிப்ரவரி 22, சனி

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சு. வந்தவர்கள் முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் நிலையம் வேண்டும். பக்கத்தில் வேண்டும். பக்கத்து வீட்டுக்குப் பக்கத்தில். ஒருவர் மகனுக்கு வேலை கேட்டு மனுவோடு வந்திருந்தார். அது வேறு துறை என்றேன். “எல்லாம் ஒரே அரசாங்கம்தானே” என்றார். மறுக்க முடியவில்லை.

அம்மாவும் கருத்துத் தாள் வாங்கி எழுதிக் கொடுத்தாள். “என் மகள் நன்றாகத் திட்டம் போட்டிருக்கிறாள். என் மகன் வீட்டை மட்டும் விட்டுவிடவும்.” பதிவு செய்துகொண்டேன்.

பிறகு தம்பி எழுந்தான். “மேடம்கிட்ட ஒரு கேள்வி. மேடம் என்னைக்காவது அந்தத் தெருவுல குடியிருந்திருக்காங்களா?”

“கல்யாணம் ஆகற வரைக்கும்” என்றேன். கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மேடமாம். இவனுக்கு மூக்கு சிந்தி விட்டவ நான்.

கடைசியாக ஒரு பள்ளி ஆசிரியை. வெளியூர். கணவருக்கு இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். “ரயில்ல இறங்கி, ரோட்டைத் தாண்டி ஒரு பஸ்ஸு, அதுல இறங்கி நடந்து இன்னொரு பஸ்ஸு. வரப்போ சமாளிச்சுடுவார். திரும்பறப்போ நிக்க முடியாது. ரோட்டோரமா என் தோள்ல சாஞ்சுக்குவார். போறவங்க வரவங்க, குடிச்சிருக்கார்னு முகத்தைத் திருப்பிக்குவாங்க. நீங்க எங்க வேணா கட்டுங்க. இறங்கின எடத்துலயே அடுத்த பஸ்ஸு ஏறணும். அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு யாரும் கருத்துச் சொல்லவில்லை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அம்மா போன். “அவன் சாப்பிடலை.”

“நானும்தான் சாப்பிடலை.”

“உனக்கென்ன கேடு?”

மார்ச் 5, புதன்

தலைமைப் பொறியாளரோடு தெருவை அளந்தோம். அகலம் போதவில்லை, ஒரு பக்கம் வெட்டியாக வேண்டும். தம்பி பக்கம் என்றால் அவன் முன்னறை, அதாவது கிளினிக், போகும், வீடு நிற்கும். எதிர்ப்பக்கம் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். முன்பக்கத்தை வெட்டினால் பின்பக்கம் என்று எதுவும் மிஞ்சாது.

“வரைபடத்துல கோட்டை எதிர்ப்பக்கம் தள்ளினா உங்க தம்பி தப்பிச்சுடுவார். எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான்” என்றார். நல்ல மனிதர். தப்பான நேரத்தில் நல்லவராக இருக்கிறார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அதுதான் கஷ்டம்.

மார்ச் 6, வியாழன்

கோடு போட்டேன். தம்பி பக்கம். கோணிக்கொள்ளும் என்று நினைத்தேன். நேர்கோடாகவே வந்தது.

மார்ச் 15, சனி

அறிவிப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நானே போனேன். வாசலில் நின்றபடி சொன்னேன்.

“எதிர்ப்பக்கம் போட முடியாதா?”

“முடியும்.”

“அப்புறம்?”

“அவங்களுக்கு இருக்கறதே ஒரு அறைடா.”

“அப்ப எனக்கு ரெண்டு மூணு அறை இருக்கறது என் தப்பு.”

அம்மா உள்ளேயிருந்து, “அக்காவை உக்காரச் சொல்லுடா” என்றாள். அவன் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

போடா. ஆசைப்பட்டா செஞ்சேன்? எதிர்ப்பக்கம் கோட்டை நகர்த்தியிருந்தா மட்டும் எனக்குத் தூக்கம் வந்திருக்குமா? வேற யாராவது இந்த வேலையில இருந்திருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2, புதன்

தெருக் குழு வழக்குப் போடுகிறது. தம்பி கையெழுத்துப் போடவில்லை. தலைவர் பதவியையும் விட்டுவிட்டானாம். தெருவில் பாதிப் பேர் அவனோடு பேசுவதில்லை. மீதிப் பாதி என்னோடு.

அம்மாவிடம் காரணம் கேட்டேன். “அந்த டீச்சர் வீட்டுக்காரர் ரோட்டோரம் நிக்கறதை இவன் முன்னாடியே பாத்திருக்கானாம். குடிகாரன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருக்கான். இப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு உக்காந்திருக்கான்.”

“என்கூட பேசுவானா?”

“அது வேற, இது வேறடி.”

செப்டம்பர் 11, வியாழன்

வழக்கு தள்ளுபடி. முன்னறையை இடித்தார்கள். நான் போகவில்லை.

ஜூலை 8, புதன் (புது டைரி)

நிலையம் திறந்து சில வாரம் ஆகிறது. கழிப்பறை அம்புக்குறி டிக்கெட் கவுன்டரைக் காட்டுகிறது. மக்கள் இப்போது கேட்காமலே கருத்துச் சொல்கிறார்கள்.

கடைவாய்ப் பல் இரண்டு நாளாக உயிரை எடுத்தது. ஊரில் வேறு பல் டாக்டர்களும் இருக்கிறார்கள். தம்பி வீட்டுப் படியேறினேன். கிளினிக் இப்போது பின்னறையில், சமையலறையை ஒட்டி. என்னைப் பார்த்தான். நாற்காலியைக் காட்டினான். ஊசி போட்டான். வாயைத் திறக்கச் சொன்னான். திறந்தேன்.

அப்போது ஆரம்பித்தான். சுவர் இடிந்தபோது பறந்த தூசி. ஒரு தடவைகூட நான் வந்து எட்டிப் பார்க்காதது. பஸ் திரும்பும்போது ஜன்னல் அதிர்வது. “ஆடற கையோட பல்லு புடுங்கறேன், உன்னால.” பிறகு, குரல் மாறாமலே, “அந்த டீச்சரும் அவரும் எறங்கின மேடையிலயே பஸ்ஸு ஏறினாங்க. நான் நின்னு பாத்தேன்.” அதன் பிறகு மறுபடியும் தூசி. ஒன்றரை வருடப் பேச்சு. வாயில் இடுக்கியோடு எதிர்வாதம் செய்ய முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது.

“வலிக்குதா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஆட்டாத.”

பல் வந்துவிட்டது. கொப்பளித்தேன். பக்கத்துப் பல்லையும் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் வா என்றான். பக்கத்துப் பல்லுக்கு ஒன்றுமில்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். வாய் மரத்திருந்தது. வருகிறேன் என்று கையால் காட்டினேன்.