ஆறடிக்கு எட்டடி

1989 ஜூலை 9, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல் பக்கத்து மனையைப் போய்ப் பார்த்தேன். கொழுந்தன் கிருபா வீட்டுக்குப் பேஸ்மட்டம் முடிந்துவிட்டது. என் இடுப்புக்கு மேலே வருகிறது. எங்கள் வீட்டுப் பேஸ்மட்டம் முழங்காலுக்குக்கூட வராது.

மாமனார் விட்டுப்போன நிலம், அண்ணன் தம்பிக்கு ஆளுக்குப் பாதி. நாங்கள் முன்னால் கட்டினோம், அவர்கள் இப்போது கட்டுகிறார்கள். பின்னால் கட்டுகிறவன் பக்கத்து வீட்டை அளந்து பார்த்து ஓரடி கூட்டிக் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். சரி, ஓரடி கூட்டு. இது என்ன, கோர்ட்டு மாதிரி இத்தனை படி?

எல்லாம் அவர் பெண்டாட்டி ஜெயசீலியின் யோசனைதான். கிருபாவுக்குச் சொந்தமாக எப்போது யோசனை வந்தது? அவள் ஹைஸ்கூல் ஜியாக்ரபி டீச்சர். நான் சத்துணவு அமைப்பாளர். தெருவில் அவள் 'டீச்சர்', நான் 'சத்துணவு அக்கா'. வயதில் மூத்தவள், வீட்டுக்கு மூத்த மருமகள், இருந்தும் இதுதான்.

"ஏரிக்குக் கீழ இருக்கோம்க்கா, உயரம் வேணும்" என்று சிரிக்கிறாள். இவரிடம் சொன்னால், "என் தம்பி வூடு தானே, ஒசரமா கட்டிகினு போட்டும்" என்கிறார். இவருக்கு எதுதான் உறைக்கும்?

1990 நவம்பர் 3

வீட்டுக்குள் தண்ணீர். கட்டில் கால் முழுகிவிட்டது. அரிசி டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு ஜெயசீலி வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

மாமனார் காலத்தில் ஏரி நிரம்பினால் தண்ணீர் போக இந்த நிலத்தின் நடுவே ஒரு வாய்க்கால் இருந்தது. விவசாயம் நின்ற பிறகு வாய்க்கால் எதற்கு என்று அண்ணன் தம்பி சேர்ந்து தூர்த்துவிட்டார்கள். தூர்த்த இடத்தில் என் பங்கில் பாத்ரூம் கட்டியிருக்கிறேன், டைல்ஸ் போட்டு. ஏரியிலிருந்து வருகிற தண்ணீர் இப்போது தெருவில் நின்று, எந்த வீடு தாழ்வோ அந்த வீட்டுக்குள் போகிறது. எந்த வீடு தாழ்வு? எங்கள் வீடுதான்.

அவள் வீட்டுத் தரை காய்ந்து கிடக்கிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. "அக்கா, நீங்க கட்டில்ல படுங்க, நாங்க கீழ படுக்கிறோம்" என்றாள். வேண்டாம் என்றேன். காபி கொடுத்தாள். நன்றாக வேறு இருந்தது.

1991 ஏப்ரல் 20

எங்கள் வீட்டுக்குள் இடித்த கட்டட ரப்பீஸ் கொட்டித் தரையை உயர்த்தியாகிவிட்டது. வேலை முடிந்ததும் மேஸ்திரி டியூபில் தண்ணீர் ஊற்றி இரண்டு வீட்டுக்கும் மட்டம் பிடித்தார். அவள் தரையைவிட நம் தரை இரண்டு விரற்கடை உயரம். மேஸ்திரியை இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னேன். இரண்டு விரற்கடைதான், சந்தேகமே இல்லை. மேஸ்திரிக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தரை உயர்ந்தது, கூரை உயரவில்லை. வாசல் நிலையின் மேல்கட்டை இவர் நெற்றிக்கு வருகிறது. "சொந்த வூட்டுக்குள்ள கும்பிட்டுகினே போவணுமா? ஃபேனு வேற தலைக்கு மேலயே சுத்துது. ரயில்வே ஷெட்டுலகூட நிமுந்து நிக்கிறேன்" என்கிறார். குனிந்து போனால் என்ன குறைந்துவிடும்? ஜன்னல் மட்டும் முழங்காலுக்கு வந்துவிட்டது. வெளியே பார்க்க உட்கார வேண்டியிருக்கிறது.

1991 நவம்பர் 16

மழை. இந்த முறை தண்ணீர் எங்களைத் தொடவில்லை. எதிர்வீட்டுக் குப்புராஜ் வீட்டுக்குள் போய்விட்டது. பாவமாகத்தான் இருந்தது. காபி போட்டுக் கொண்டுபோனேன். ஜெயசீலி அதற்குள் இட்லியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

1993 மே 30

ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் உயர்த்தின உயரம் எல்லாம் போச்சு. அவளுக்கும் போச்சு, அது ஒன்றுதான் ஆறுதல்.

1993 ஆகஸ்ட் 22, ஞாயிறு

சாயங்காலம் தசரதன் சார் வீட்டில் தெருக் கூட்டம். ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர், சங்கத் தலைவர். மழைக்கு முன்னால் என்ன செய்யலாம் என்று பேச்சு. நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. "டீச்சர் சொல்லட்டும்."

டீச்சர் சொன்னாள். மெட்ராசில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறாளாம். "உலகமே சூடாயிட்டு வருது. கடல் மட்டம் ஏறும்ங்கிறாங்க. ஏறினா பள்ளிக்கரணைச் சதுப்புல இருந்து தண்ணி லேசுல வடியாது, நம்ம பக்கம் தேங்கி நிக்கும். மழையும் மாசம் பூரா பெய்யறதை ஒரே நாள்ல கொட்டிட்டுப் போகும். வீட்டை உயர்த்தறதுல போட்டி போட்டா தண்ணி எதிர் வீட்டுக்குத்தான் போகும். அதுக்கு ஒரு வழி விடணும்."

"கடலைப் பாக்கணும்னா நாம ரெண்டு பஸ் மாறணும். அது ஏறினா நமக்கு என்னா?" என்று கேட்டேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு நன்றாக இருந்தது. அப்புறம் அவள் மெதுவாக, "பழைய வாய்க்காலைத் திறந்தாப் போதும். அது எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுலதான் இருக்கு. அக்கா மூணடி, நான் மூணடி" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னிடம் வீட்டில் வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? சபையில வெச்சு கேக்கறா. குடுத்தா அவளுக்குப் பேரு, குடுக்கலன்னா எனக்குக் கெட்ட பேரு. "என் பாத்ரூம் இருக்கு, முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

1993 ஆகஸ்ட் 29

அவள் வீட்டுச் சுற்றுச்சுவரை இடிக்கிறார்கள். மொட்டைமாடிப் படிக்கட்டையும். ஆறடியும் தன் பக்கத்திலேயே விட்டுவிட்டாளாம். "அக்காவைக் கஷ்டப்படுத்த வேணாம்" என்று தசரதன் சாரிடம் சொன்னாளாம். தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது. குப்புராஜ் கடப்பாரையோடு உதவிக்குப் போயிருக்கிறான்.

பொறாமைதான். எனக்கென்ன, எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்? அவள் படிப்பு, அவள் வீடு, அவள் காபி, எல்லாவற்றின் மேலும் பொறாமை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டு இருந்தேன். கொடுக்கிறதிலும் அவளே முதலில் வந்தால் நான் எங்கே போய் நிற்பது?

1993 ஆகஸ்ட் 31

இவர் வேலையிலிருந்து வந்து டிபன் டப்பாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பாத்ரூமை இடிங்க" என்றேன்.

"இன்னாது?"

"நாமளும் விடறோம். எட்டடி."

"அதான் அவ ஆறடி வுட்டுட்டாளே. அது போதும்னு டீச்சரே சொல்லிச்சு."

"அவ சொல்லுவா."

டப்பாவைக் கீழே வைத்தார். "குளிக்கறது எங்க?" என்றார். நான் அதை யோசிக்கவில்லை.

1993 செப்டம்பர் 5

பாத்ரூம் போய்விட்டது. ஒவ்வொரு டைல்ஸும் நான் கடையில் நின்று பொறுக்கியது. குப்புராஜ் வந்து அளந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஆத்துக்கே வழி வுடறீங்களா?" என்றான். "ஆமா, உன் வூட்டுக்குள்ள ஆறு வராம இருக்கத்தான்" என்றேன். ஜெயசீலி வாசலுக்கு வந்து பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ?

1993 நவம்பர் 8

பின்பக்கம் புதுசாகப் பாத்ரூம் கட்டி முடிகிற வரை அவள் வீட்டில்தான் குளியல். தினமும் சோப்பு டப்பாவும் துண்டுமாக அவள் வாசலில் போய் நிற்கிறேன். மாதா, நான் என்ன பாவம் செய்தேன்? ஹீட்டர் வேறு போட்டிருக்கிறாள். "வெந்நீர் ரெடியா இருக்குக்கா." அந்த 'க்கா'வைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது, வெந்நீருக்கு அவசியமே இல்லை.

1995 அக்டோபர் 15

மழைக்கு முன்னால் தண்ணீர் வழியில் கிடக்கிற குப்பையை வாரவேண்டும். விடிந்ததும் போனேன். அவள் தன் பக்கத்தை முடித்துவிட்டு என் பக்கத்தில் பாதி வந்திருந்தாள். மண்வெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அடுத்த வருஷம் நான் பொழுது விடியவும் காத்திருக்கப் போவதில்லை.

1996 ஜூன் 14

ஜூன் மாதத்தில் இப்படி ஒரு மழையை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அக்னி நட்சத்திரம் முடிந்த சூடுகூட ஆறவில்லை, ஐப்பசி மாதிரி கொட்டுகிறது. ஏரி ஒரே நாளில் நிரம்பி, தண்ணீர் மண் நிறத்தில் தெருவுக்கு வந்துவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே மொத்தமும் பாய்ந்தது. என் பக்கத்து எட்டடியும் முழுக்கத் தண்ணீர். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் குடையில்லாமல் நின்று, அடித்து வந்த முள்ளையும் மட்டையையும் இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தோம். குப்புராஜ் வீட்டு வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு வீட்டுக்குள்ளும் ஏறவில்லை.

"அக்கா, ஆறடி மட்டும் இருந்தா பத்தியிருக்காது" என்று அவள் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி, "என்னா?" என்றேன். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்டிருப்பேன், வெட்கமாக இருந்தது.

1996 ஜூன் 18

கடையில் வெங்காயம் வாங்கும்போது காதில் விழுந்தது. 'டீச்சர் வாய்க்கால்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எட்டடி யாருது? பாத்ரூம் யாருது? ஹூம்.

1997 மே 11

கிருபாவும் ஜெயசீலியும் வீட்டை விற்கிறார்கள். அவருக்கு மறைமலை நகர் பாக்டரியில் வேலை, அவளுக்கும் அந்தப் பக்கமே மாற்றல் கிடைத்துவிட்டது. வாங்குகிறவர் சேட்டு, சிமெண்ட் கடைக்காரர்.

சந்தோஷமாக இருக்கவேண்டும் எனக்கு.

1997 ஜூன் 1

லாரி வந்து சாமான் ஏற்றியாகிவிட்டது. கிளம்பும்போது என் சமையலறைக்கு வந்து நின்றாள். "அக்கா, அந்த வழியை நீங்கதான் பாத்துக்கணும். தசரதன் சார்கிட்ட சொல்லலாம்னு நினைச்சேன். அவர் மனு எழுதுவார். நீங்கன்னா சண்டை போடுவீங்க."

"என்னைச் சண்டைக்காரின்றியா?"

"ஆமா" என்றாள். அப்புறம் கீழே பார்த்துக்கொண்டே, "நீங்க எட்டடி விட்டீங்க பாருங்க, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லக்கா. ஆறடியோட என் பேரு நிக்கும்னு நினைச்சேன்" என்றாள்.

ஒரு காபி குடித்துவிட்டுப் போ என்றேன். நான் போட்ட காபியை அவள் முழுசாகக் குடித்தது இதுதான் முதல் தடவை. லாரி திரும்பும்போது கை ஆட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதுக்குன்னு எனக்கே தெரியல.

1997 செப்டம்பர் 22

காலையில் சேட்டு ஆட்கள் வழியில் ரப்பீஸ் கொட்ட வந்தார்கள். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வழி நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சேட்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"இன்னாம்மா பேஜார் பண்றே? என் இடம், நான் மூடிக்கிறேன்."

"உன் பேஸ்மட்டத்தை மாதா கோயில் மணி உசரத்துக்குக் கட்டிக்கோ, கேக்கல. இதுல ஒரு கூடை மண்ணு விழுந்துச்சு, உன் கடை வாசல்ல வந்து இதே நாற்காலியில உக்காருவேன். வியாபாரம் நடக்காது."

இவரும் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் வந்து நின்றார். குப்புராஜ் ஸ்டூல் கொண்டுவந்தான். மத்தியானத்துக்குள் தெருவே உட்கார்ந்துவிட்டது. சேட்டு ரப்பீஸைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார்.

1997 நவம்பர் 30

நல்ல மழை. ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் இல்லை, சேட்டு வீட்டுக்குள்ளும் இல்லை. சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தசரதன் சார் மைக்கில், "இந்த வழி நமக்குக் கிடைத்தது செல்வமேரி அம்மாவால்தான்" என்றார். எத்தனை வருஷமாக இதைக் கேட்கவேண்டும் என்று இருந்தேன். கைதட்டினார்கள். எல்லார் முகத்தையும் பார்த்தேன். எவளாவது ஒருத்தி வயிறெரிய வேண்டாமா? எல்லாரும் சந்தோஷமாகத் தட்டுகிறார்கள்.

1998 ஜனவரி 26

லீவு. பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி மறைமலை நகர் போனேன். இவர், "அதை இன்னாத்துக்கு எடுத்துகினு போறே?" என்றார். குளிருக்கு என்றேன்.

ஜெயசீலி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருக்கிறாள். காபி குடித்ததும் பொன்னாடையை எடுத்துக் காட்டினேன். விரித்துப் பார்த்தாள், சரிகையைத் தடவினாள். முகம் ஒரு மாதிரி ஆனது. இந்தத் தடவை நன்றாகவே பார்த்தேன். பஸ் டிக்கெட்டுக்கு அது போதும்.

"வாங்கக்கா, ஒண்ணு காட்டறேன்" என்று வெளியே அழைத்துப்போனாள். அவர்கள் தெருவின் ஓரத்தில் புதுசாக வெட்டிய வாய்க்கால். வீட்டுக்கு வீடு சுற்றுச்சுவரை உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த தெருவிலும் அப்படியே. அதற்கடுத்த தெருவிலும். போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை, மூன்று தெருவையும் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். "இங்க யாரும் எட்டடி தரலக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

திரும்பி வரும்போது கூடுவாஞ்சேரி தாண்டியும் எனக்கு ஆறவில்லை. மூன்று தெரு. எங்கள் தெருவுக்குப் பின்னால் மாதா கோயில் தெரு இருக்கிறது, அங்கே ஏரித்தண்ணீர் வருஷா வருஷம் நிற்கிறது. அதை ஒட்டி இரண்டு குறுக்குத் தெரு. அதற்கப்பால் பால் டிப்போ தெரு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற இடத்தில் போய் நின்றால் நாலு தெருக்காரர்களையும் பிடித்துவிடலாம்.