குளிசையும் என் வலக்கண்ணும்

ஜூலை 7, 2025
அபாயா அங்கிக்கு மினுக்கக் கல் ஒட்டிக்கொண்டிருந்தேன். வலக்கண்ணின் கீழ்ப்பாதியில் சாம்பல் படிந்த மாதிரி ஒரு மறைப்பு. கழுவியும் போகவில்லை. வலி இல்லை. என்னைக் கட்டின மாப்பிள்ளை ஹில்மி, "ஃபோனைக் குறை" என்கிறார். பகல் முழுக்கக் கல் ஒட்டுறவளுக்கு ஃபோன் எங்கே?

ஜூலை 8
அப்படியேதான்.

ஜூலை 9
மட்டக்களப்பில் கண் டொக்டரிடம் காட்டினோம். கண்ணுக்குப் பின்னால் ஒரு இரத்தக்குழாய் அடைத்துக் கசிந்திருக்கிறதாம். பிரஷர் இல்லை, சீனி வருத்தம் இல்லை. "ஏதும் குளிசை எடுக்கிறீங்களா?" எண்டு அந்த லேடி டொக்டர் கேட்டா. ஹில்மி முந்திக்கொண்டு "இல்லை" என்றார். கருத்தடைக் குளிசை அவருக்குக் குளிசையே இல்லை போல. இரண்டு வருஷமாகக் குடிக்கிறவள் நான். சொன்னேன்.

டொக்டர் பேனையை வைத்துவிட்டா. "தலையிடி வருமா? அதுக்கு முதல் கண்ணுக்குள்ள வெளிச்சம் வெட்டுமா?"

வெட்டும். வளைஞ்சு வளைஞ்சு.

"அப்படியான ஆக்களுக்கு இதைக் குடுக்கிறதில்ல. இரத்தம் கட்டியாகலாம். எல்லாருக்கும் வாறதில்ல. இதுதான் காரணம் எண்டு அடிச்சுச் சொல்லவும் ஏலா. ஆனா இண்டையோட நிப்பாட்டுங்க."

ஜூலை 10
கோபம் அடங்குதில்ல. குளிசை எழுதித் தந்த டொக்டரிட்ட இந்த வெளிச்சத்தை நானே சொன்னேனே! "கல்யாணம் முடிச்ச பொம்புளைக்குத் தலையிடி வராமலா?" எண்டு சிரிச்சார். சிரிச்சவருக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியுது.

ஜூலை 14
குளிசை எழுதின அந்த டொக்டரிடம் போனேன். "குளிசைப் பெட்டிக்குள்ள தாள் இரிக்கே, வாசிக்கல்லையா?" என்றார். இங்கிலீசில, எறும்பு எழுத்தில இருக்கிற தாள்.

"நான் வாயால சொன்னதையே நீங்க கேக்கல்லையே, டொக்டர்."

வெளியே இருந்த பெண்களும் கேட்கட்டும் என்றுதான் கதவைச் சாத்தாமல் சொன்னேன். அவர் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

ஜூலை 16
கண்ணுக்குள் ஊசி. விறைக்க மருந்து விட்டார்கள்தான். பயத்துக்கு எதை விடுவது?

ஜூலை 25
"இனி என்ன செய்யிற? வேற குளிசை எடேன்" என்கிறார் ஹில்மி.

"ரெண்டு வருஷம் என்ட உடம்பு. இனி உங்கட முறை."

பாமசியில் போய் ஆணுறை கேட்க வெட்கமாம். என்ட கண்ணை விடவா உங்கட வெட்கம் பெரிசு? பாயை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு படுத்தேன்.

அக்டோபர் 2
மூன்றாவது ஊசியும் முடிந்தது. மறைப்பு மெலிந்திருக்கிறது, போகவில்லை. இடக்கண்ணை நம்பித்தான் வேலை.

பின்னேரம் ஹில்மி பாமசிக்குப் போனார். எங்கட காத்தான்குடியில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்று ஏறாவூர் வரைக்கும் போனாராம். கறுத்த பை ஒன்றோடு வந்தார். அதை என் கையில் தரவில்லை. தானே அலுமாரியில் வைத்தார்.