பெரிய திரையில் யானையின் கண்

ஞாயிறு, இரவு.

இன்று காலைதான் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தோம். என் மனைவி பரமேஸ்வரி தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவளுடைய கண்ணுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நேற்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது மங்கலாகத் தெரிவதும் கொஞ்சக் காலத்துக்குத்தானாம். மாலையில், கொழும்பிலிருக்கும் மகள் எங்களைப் பெரிய திரைத் தியேட்டருக்குக் கூப்பிட்டாள். எனக்குக் கோபம் வந்தது.

"கண் மங்கின ஆளுக்கு என்னத்துக்குப் படம்?"

"சும்மா வாங்கப்பா. பெரிய பிலிமில எடுத்த படம். திரை நம்மட தென்னை உசரம்."

முன்வரிசையில் உட்கார்ந்தோம். யானைகளைப் பற்றிய படம். ஒரு யானையின் கண் மட்டும் திரை முழுக்க வந்தது. பரமேஸ்வரி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இமை மயிர் தெரியுதுங்க! ஒவ்வொண்டாத் தெரியுது! உன்னிச்சையில எங்கட வயல் வட்டைக்குள்ள வந்த யானையக்கூட நான் இப்பிடிப் பாத்ததில்ல."

அதன்பிறகு அவள்தான் எனக்குக் கதை சொன்னாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவே ஊருக்கு பஸ் ஏறினோம். இன்று காலையில் வழியில் செங்கலடியில் பஸ் நின்றபோது நன்றாக விடிந்திருந்தது.

"கொஞ்சம் கிட்ட வாங்க," என்றாள். குனிந்தேன். "இன்னும் கிட்ட."

"ஆக்கள் பாக்கிறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும்."

மூக்கோடு மூக்கு முட்டியது.

"மீசை முழுக்க நரைச்சிட்டுதே! ஏன் எனக்குச் சொல்லல்ல?"

பஸ் புறப்பட்டுக் குலுங்கியது. அவள் பார்த்து முடிக்கும்வரை நான் முகத்தை எடுக்கவில்லை.