கந்தகத்தில் வெளுத்த பல்

பல்பொடியை மாற்றுவது என்று நேற்றுக் காலை தீர்மானித்தேன். இத்தனை வருஷம் உமிக்கரியால் ஆண்டுவந்த வாயை ரோஸ் நிறப் பொடி ஒன்றிடம் ஒப்படைப்பது சாதாரண விஷயமல்ல. அதற்கு முன் இரண்டு நாள் யோசித்திருந்தேன். வீட்டில் கலந்துகொண்டேன். ஆட்சேபணை இல்லை என்று என் மனைவி அடுப்பிலிருந்து தலையெடுக்காமலே தெரிவித்தாள். டப்பாவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை வந்தது. பின்னாலேயே நீ வந்துவிட்டாய். செத்த பிறகும் உனக்கு நேரங்காலம் தெரியவில்லை.

உன் பல் பழுப்பு. திட்டுத் திட்டாக, மழைக்கு ஊறிக் காய்ந்த சுவரைப் போல. உன் ஊர்க் கிணற்றைக் குடித்து வளர்ந்த எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் கெட்டியான பல். தேங்காயைப் பல்லாலேயே உரிப்பாய். சிரிக்கும்போது மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாய். அதைப் பார்த்துப் பலர் உன்னைப் பணிவானவன் என்று தவறாக எண்ணியிருந்தார்கள்.

போடியில் ஒரே ஏலக்காய்க் கடையில் நமக்குச் சோறு. நான் கடிதம் எழுதுகிறவன். நீ வெளுப்பு மேஸ்திரி. குரங்கணி மலைப் பக்கமிருந்து இறங்கும் காயில் நிறம் மங்கியதைச் சலவைச் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடைத்த அறையில் கந்தகப் புகை காட்டி, வெள்ளை வெளேரென்று எடுப்பாய். வெள்ளைக் காய்க்கு வெளியூரில் மரியாதை அதிகம். பொறுக்கும் பெண்களுக்கு நீ ஓயாமல் ஒன்று சொல்வாய்: "சொறிக்காய வெளுக்கப் போடாதீக ஆத்தா. அது மேல ஒட்டுன அழுக்கில்ல, காயோட சேந்து வளந்தது. புகை போட்டா தோலுதான் உரியும்." இந்த விஷயத்தில் உன் அறிவை யாரும் குறை சொன்னதில்லை.

உனக்கு முப்பது தாண்டியிருந்தது. இரண்டு இடம் பல்லைப் பார்த்தே தட்டிப்போனது. மூன்றாவதாகத் தரகர் சொன்ன பெண்ணை நீ திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்திருந்தாய். அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்றாய். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் பொதுவாக உறுதியானவர்கள்.

மதுரைக்குப் பல் டாக்டரிடம் உன்னை நான்தான் அழைத்துப்போனேன். வெற்றிலைக் கறை, புகையிலைக் கறை என்றால் சுரண்டி எடுத்துவிடலாம் என்றார் அவர். உன்னுடையது பல் முளைக்கும்போதே தண்ணீரிலிருந்து உள்ளே ஏறியது, அதை வெளுக்க ஆசைப்படாதே, பல் கல் மாதிரி இருக்கிறது, பிழைத்துப்போ என்றார். வெளியே வந்து நீ சொன்னாய்: "அவருக்கு ஏலக்காயப் பத்தித் தெரியாது மாப்ளே." காய்க்குச் சொன்னதைப் பல்லுக்கும் சொல்லிக்கொள்ளேன் என்று பஸ்சில் ஊர் வரும்வரை கெஞ்சினேன். காய் வேறு, மனுஷன் வேறு என்று என்னைத் திருத்தினாய்.

ஆனியில், பெண் பார்க்கும் வாரம், வெளுப்பு அறையில், சோடாத் தண்ணீரை வாயில் ஊறவைத்து, மூக்கில் துணி கட்டி, கந்தகப் புகைக்கு நேராக வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாய். முதல் தரக் காய்க்குக் காட்டுகிற மாதிரி, விட்டு விட்டுப் பலமுறை. இருமல் தெருவுக்குக் கேட்டது. வெளியே வந்தபோது பல் வெளுத்துத்தான் இருந்தது. சுண்ணாம்பின் வெள்ளை. பளபளப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

பெண் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிறந்ததிலிருந்து சிரிக்காததையெல்லாம் சேர்த்துச் சிரித்தாய். காபியின் சூடு பல்லில் பட்டுக் கண்ணில் நீர் வந்தபோதும் சிரித்தாய். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் எழுந்து உள்ளே போய், கதவோரம் நின்று தாயிடம் சொன்னாள்: "நம்ம பல்லு மாதிரியே இருக்கும்னுதானம்மா தரகர் சொன்னாரு? இவரு தெனம் என் வாயையில்ல பாப்பாரு. எனக்கு வேண்டாம்." பேசும்போதுதான் அவள் பல் தெரிந்தது. உன் பழைய பல்லேதான். அந்தப் பல்லை நம்பித்தான் உன்னை வரச்சொல்லியிருந்தார்கள்.

நீ பதறி உண்மையைச் சொன்னாய். என் பல்லும் பழுப்புதான், கந்தகம் போட்டேன் என்றாய். பெண்ணின் தகப்பனார் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காயத்தான் வெளுத்து விக்கிறீகன்னு நெனச்சேன். மாப்பிள்ளையுமா?"

பொங்கலுக்குள் உன் முன்பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முறுக்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்றாய். அதன் பிறகு நீ வாயைப் பொத்தவே இல்லை. மறைக்க ஒன்றும் இல்லாத மனிதன் என்று உன்னைப் பற்றி முதலாளியிடம் சொன்னேன்; அவர் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். அடுத்த மழைக்கு மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பல் பார்க்கும் வழக்கம் இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு கெட்ட பழக்கம். யாராவது நிறைய சிரித்தால் மூக்கு தானாகக் கந்தகத்தைத் தேடுகிறது. பலமுறை கிடைத்தும் இருக்கிறது. உன்னைப் போல் பதறி உண்மையைச் சொன்னவன்தான் இதுவரை ஒருவனும் இல்லை.

அந்தப் பெண்ணை அந்த ஆவணியிலேயே சின்னமனூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரருக்குக் கொடுத்தார்கள். அவர் பல்லில் இருந்தது சுரண்டினால் போகிற கறை.