வேனுக்குள் கொஞ்சம் சாமான்

ஏலப்பாறை,
8 பிப்ரவரி 1936

அன்புள்ள தம்பி அர்த்தநாரிக்கு,

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல், பென்சிலும் மெல்லிய காகிதமும் எடுத்துக்கொண்டு பழைய ஸ்டோருக்குப் பின்னால் போய், நீ கேட்ட வேனுக்கு அடியில் படுத்தேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் மோட்டாருக்கு அடியில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்துக் கொழுந்து கிள்ளப் போன பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்றைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும்.

உன் சிநேகிதன், காலஞ்சென்ற என் தம்பி ஏசுரத்தினம் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி இதுவாகத்தான் இருக்க வேண்டும். நீ எழுதிய அடையாளங்கள் எல்லாம் பொருந்துகின்றன. பின்சக்கரத்துக்குச் சங்கிலி இருக்கிறது. சக்கரங்களில் மர ஆரக்கால். காற்றடைக்காத கட்டி ரப்பர். கதவு தேக்கு, ஆணிகள் பித்தளை. இடது பக்கப் பலகையில் அழுக்குக்கு அடியில் கம்பெனியின் தங்க எழுத்து மங்கலாகத் தெரிகிறது. அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுத்து, இத்துடன் அனுப்புகிறேன்.

உள்ளே கூரையில் புகைக் கரி படிந்திருக்கிறது. கொஞ்சம் சாமான் கிடக்கிறது. அப்புறப்படுத்திவிடலாம். எஸ்டேட் மானேஜர் துரையிடம் கேட்டேன். "அந்த இரும்பையா? தாராளமாக எடுத்துப் போகச் சொல்லுங்கள்" என்றார்.

கம்பளி இல்லாமல் உட்கார முடியாத குளிர். மயிலாத்தாளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா,
சிசிலி


கொழிஞ்சாம்பாறை,
14 பிப்ரவரி 1936

அக்காளுக்கு அர்த்தநாரியின் வணக்கமுங்க.

பென்சில் காகிதத்தைப் பார்த்ததும் பழைய நோட்டுல நான் எழுதி வெச்சிருந்த நம்பரோட ஒத்துப் பார்த்தேனுங்க. அதே வண்டிதான். அந்த மாதிரி வேன் நம்ம மலைப்பக்கம் ரெண்டே ரெண்டுதான் வந்தது. ஒண்ணை வெள்ளம் கொண்டுபோயிருச்சு. ஏசுரத்தினம் பக்கத்துல உக்காந்து, "டேய், அது காளை இல்ல, அதட்டாதே" என்று என்னை வைதது இன்னும் காதுல கேக்குது.

நம்ம ஊட்டுக்காரி மயிலாத்தா கேக்கறா: "ஏனுங்க, கட்டுத்தரையில ஏற்கெனவே ரெண்டு ஓட்டை மோட்டாரைக் கட்டி வெச்சிருக்கீங்க. இப்ப வர்றதுக்குப் புண்ணாக்கா, தவுடா?" சிரிச்சுட்டுப் போகட்டுமுங்க.

ஒண்ணே ஒண்ணு சொல்லோணும். அந்தத் தங்க எழுத்தை யாரும் தொட வேண்டாம். தண்ணிகூடப் படக் கூடாது. பழசைப் புதுசு பண்ணுனா பழசு செத்துப்போகுமுங்க. நானே வந்து எண்ணெய் தொட்டுத் துடைச்சு எடுத்துக்கறேன். இருபத்தாறாம் தேதி கம்பம் வழியா வர்றேன்.

தங்கள் தம்பி,
அர்த்தநாரி


ஏலப்பாறை,
20 பிப்ரவரி 1936

அன்புள்ள தம்பிக்கு,

நீ வரும் நாளில் நான் கோட்டயத்தில் பள்ளிக்கூட மீட்டிங்கில் இருப்பேன். குறையாக நினைக்காதே. வேனுக்குப் பக்கத்தில் மாரித்தாய் என்று ஒருத்தி இருப்பாள். "ஒரு ஐயா பார்க்க வருகிறார், ஒழுங்காக வைத்திரு" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். சாவி என்று எதுவும் இல்லை. தள்ளினால் கதவு திறக்கும்.

சிசிலி


கொழிஞ்சாம்பாறை,
1 மார்ச் 1936

அக்காளுக்கு,

வந்து பார்த்துட்டுத் திரும்பிட்டேனுங்க.

வேன் வெள்ளை வெளேர்னு நின்னுது. நாலு பக்கமும் சுண்ணாம்பு. அடியில செங்காவிப் பட்டை. ஏறுற படிக்கு முன்னால கோலம். உள்ளேயிருந்து வயசான அம்மா ஒருத்தங்க இறங்கி வந்து கும்பிட்டாங்க.

"வாங்கய்யா, வீடு பாக்க வந்தீகளா? தேங்கா நாரும் சாம்பலும் போட்டுத் தேச்சுத்தான் வெள்ளையடிச்சேன். அழுக்கு ஒரு பொட்டு கெடயாது. பெரிய டீச்சரம்மா அடியில படுத்து நம்பர் எடுத்தாகல்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு. லயத்து வீட்டுக்கெல்லாம் நம்பர் இருக்கு. எம் புருசன் செத்து, என்னாலயும் கொழுந்தெடுக்க முடியலன்னதும், வேலைக் கணக்குல பேர வெட்டி வீட்ட எடுத்துக்கிட்டாக. இப்ப இதுக்கு நம்பர் போடப் போறாகளாய்யா?"

கருப்பட்டிக் காப்பி குடுத்தாங்க. குடிச்சேன். "வீடு நல்லா இருக்குதுங்கம்மா" என்றேன்.

தங்க எழுத்து அவங்க கை எட்டுன உசரம் வரைக்கும் போயிருச்சு. மேல்பாதி மிச்சம் இருக்குது. அதுக்கு நான் வருத்தப்படலீங்க. ஆணி பித்தளைங்கறது வரைக்கும் எழுதுன நீங்க, உள்ளே ஒரு ஆள் குடியிருக்கறதை எழுதலீங்களே. அந்த வண்டி எனக்கு வேண்டாமுங்க.

அர்த்தநாரி


ஏலப்பாறை,
6 மார்ச் 1936

அன்புள்ள தம்பி அர்த்தநாரிக்கு,

இந்த முறை கடிதத்தில் நீ "தங்கள் தம்பி" என்று போடவில்லை. பார்த்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். மறக்கவில்லை. எழுதினால் நீ வேனை வேண்டாம் என்றுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். ஏசுரத்தினம் ஓட்டிய வண்டி உன்னிடம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைவிட, அக்காதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள் என்று நீ நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மாரித்தாயின் பாய், அடுப்பு, அவள் புருஷனின் பழைய கம்பளி. இவற்றைத்தான் "சாமான்" என்று எழுதினேன். அந்தச் சொல்லை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நீ வேண்டாம் என்றதைத் துரையிடம் சொன்னேன். அப்படியானால் மாதக் கடைசியில் உடைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். நான் போய்க் கேட்கும்வரை அந்த வேன் அங்கே நிற்பதே அவருக்கு நினைவில்லை. நான்தான் நினைவுபடுத்தினேன்.

இன்று பள்ளி விட்டு வரும்போது மாரித்தாய் வழியில் நின்று, "டீச்சரம்மா, நம்ம வீடு எத்தனாம் நம்பரு?" என்று கேட்டாள். குடையைத் தாழ்த்திக்கொண்டு, "சொல்கிறேன்" என்று நடந்துவிட்டேன்.

தம்பி, வண்டியை நீ எடுத்துக்கொண்டு போ. எடுக்காவிட்டால் அதுவும் மிஞ்சாது. சுண்ணாம்பைச் சுரண்டுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

ஏசுரத்தினம் இறந்தபிறகு இந்த வீட்டில் அவன் அறையைப் பூட்டியே வைத்திருந்தேன். சற்று முன் திறந்து பெருக்கினேன். பேர் வெட்டியவர்களை ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் வைக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். வைத்தால் எனக்கும் இடம் இருக்காது. பரவாயில்லை. துரைக்கு இன்னும் சொல்லவில்லை. மாரித்தாய்க்கும் தெரியாது. கூப்பிட்டால் வருவாளா, என் முகத்தில் விழிப்பாளா என்பதும் எனக்குத் தெரியாது.

என் குவார்ட்டர்ஸ் எண் பதினேழு. நாளை விடிந்ததும் போய் அவளிடம் அந்த நம்பரைத்தான் சொல்லப் போகிறேன்.

சிசிலி