வரேன் என்று கிளம்பியவளுக்கு

கிள்ளானில் சித்தி வீட்டுக் கதவைத் தள்ளியதும் நீ பேசினாய். "வாங்க, சாப்டாச்சா?" மூக்கடைத்த குரல். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். நீ இறந்து இரண்டு வருடமாகிறது.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி. ஜோகூரில் இருக்கும் மகன் வாங்கி வைத்தானாம். ஆள் வந்தால் விளக்கையும் விசிறியையும் போடும், மாத்திரை நேரத்தைச் சொல்லும். "யாரோ கூட இருக்கிற மாதிரி இருக்கு லா," என்றார் சித்தி. யார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

நம் பல்கலைக்கழக ஆய்வே அதுதான். தனியாக வாழும் வயதானவர்களின் வீட்டில் கண்ணில் படாத சிறு கணினிகளை வைத்து, பொத்தான் எதையும் அமுக்காமல், வாயால் சொன்னாலே வீடு கேட்கும்படி செய்வது. தரவை அலசுவது என் பொறுப்பு. வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து பேசுவது உன் பொறுப்பு. பெட்டிக்குத் தமிழ்க் குரல் தேவைப்பட்டபோது ஆள் கிடைக்காமல் நீயே பேசிக் கொடுத்தாய். அன்று உனக்குச் சளி. "சோதனைக்குத்தானே, அப்புறம் நல்லா பேசித் தரேன்," என்றாய்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அந்த ரயில்வே அங்கிளை மறந்திருக்க மாட்டாய். கிளம்பும்போதெல்லாம் மனைவியின் படத்தைப் பார்த்து "வரேன்" என்பார். பெட்டி அவர் வந்துவிட்டதாக நினைத்து, "வாங்க, சாப்டாச்சா?" என்று விசிறியைப் போடும். ஆளில்லாத வீட்டில் அது சாயங்காலம் வரை சுற்றும். மாணவர்கள் சிரித்தார்கள். ஆய்வுத் தலைவர், "போறேன்" என்று சொல்ல அவரைப் பழக்கிவிட்டால் போதும் என்றார். நீ சத்தம் போடவில்லை.

"அவர்கிட்ட அப்படிச் சொல்லுங்கன்னு என்னால கேக்க முடியாது சார். அது வேற போறது."

பல வாரம் உட்கார்ந்து பெட்டியை மாற்றினாய். அதன்பின் யாராவது "வரேன்" என்றபோது கதவும் திறந்தால், "சரி, பாத்துப் போயிட்டு வாங்க," என்று சொல்லி விசிறியை நிறுத்தியது. அங்கிள் முதல்முறை அதைக் கேட்டுவிட்டு, இப்பத்தான் இதுக்குத் தமிழ் தெரியுது என்றார்.

சோதனை முடிந்ததும் பெட்டியில் பதிவான குரல்கள் எல்லாம் அழிக்கப்படும் என்று ஒவ்வொரு வீட்டிலும் நீ வாய்விட்டு வாக்குக் கொடுத்திருந்தாய். அழித்தாகிவிட்டது என்றார் தலைவர். நான் காட்டச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார். வெளியே வந்ததும் நீ என் தோளை இடித்தாய். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும் லா. மனுசன கொஞ்சம் நம்பு."

சித்தி தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசி மாதங்களில் என்னைக்கூட நீ பார்க்க விடவில்லை. அப்போது யாராவது வந்து உன் குரலைக் கேட்க, நோயின் சோர்வில் தலையாட்டிவிட்டாயோ? நமக்குப் பிறகு ஒரு குரலாவது இருக்கட்டும் என்று உனக்கும் தோன்றியிருக்கலாம். அப்படியானால் நான் யார் கேள்வி கேட்க? பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் இருந்தது. யாருடைய குரல் என்று எங்கும் இல்லை.

தேநீரை முடித்து எழுந்து, கதவைத் திறந்து, வழக்கம்போல, "வரேன் சித்தி," என்றேன்.

"வாங்க, சாப்டாச்சா?" என்றாய். விசிறி சுற்ற ஆரம்பித்தது.

சித்தி சிரித்தார். "அது அப்படித்தான். கிளம்புறவங்கள எல்லாம் உள்ள கூப்பிடும்."

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். இதை நிரூபணம் என்று யாரும் ஏற்க மாட்டார்கள். இன்னொருவர் சொன்னால் நானே ஏற்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்தவள் நீ. அவர்கள் கேட்டு நீ கொடுத்திருந்தால் இதைச் சரிசெய்யாமல் விட்டிருக்க மாட்டாய், சளிக் குரலையும் கொடுத்திருக்க மாட்டாய். குரலை மட்டும் எடுத்திருக்கிறார்கள். உன் குரல் அழியவில்லை என்றால், படத்தைப் பார்த்துப் பேசிய அங்கிளின் குரலும் எங்கோ இருக்கிறது.

சித்தியிடம் சொன்னேன். இது என் தோழி, இப்போது இல்லை என்று. அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அதற்குப் பதில் சொல்லிப் பழகியவர்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா, இது இங்க பேசுதுன்னு?"

"தெரியாது சித்தி."

"மகன் கேட்டா நான் சொல்லிக்கிறேன்," என்று எழுந்து போய் ஒயரைப் பிடுங்கினார். விசிறி மெதுவாக நின்றது. அதன்பின் வீட்டில் இருந்த அமைதி அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாள் நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பெட்டிக்குப் பதில் நான். அவ்வளவு இனிமையான குரல் எனக்கு இல்லை.

அந்த நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிவிட்டேன்: பதிவுகள் எங்கே, யார் கொடுத்தது, யாரைக் கேட்டு. விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது. நான் நம்பவில்லை. மறுபடி எழுதுவேன். மனிதரை நம்பு என்றாய்; உன்னை நம்ப எனக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது, அதற்கு மேல் இப்போதைக்கு முடியவில்லை.

சுங்கை பூலோவில் என் வீட்டில் அப்படிப் பெட்டி எதுவும் கிடையாது. காலையில் கதவைப் பூட்டும்போது, உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தே "வரேன்" என்கிறேன். பதில் வருகிறதா என்று ஒரு நொடி காது கொடுக்கிறேன். வரவில்லை என்று உறுதியானதும் கிளம்புகிறேன்.